பின்னால் மட்டும் பெரிய டயர்

ஜீப்புக்குப் பின்சக்கரம் இரண்டை மட்டும் பெரிதாக மாட்டிவிட்டால், அது எந்த ரோட்டிலும் இறக்கத்தில் போகிற மாதிரியே போகும் என்று நான் நம்பினேன். சொல்லிவிட்டேன், அப்பாடா. இப்போது எனக்கு வயது நாற்பத்தெட்டு. அதை நம்பியபோது இருபத்தொன்பது. அறியாத வயசு என்று தள்ளிவிடவும் வழியில்லை. கல்யாணமாகி, தலைச்சன் பிள்ளை சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தது.

எங்கள் வீட்டில் மாட்டுவண்டித் தொழில். அப்பா இலுப்பூர்ச் சந்தைக்கு மூட்டை ஏற்றுகிறவர். பெரிய சக்கரம் பூட்டிய வண்டி மாட்டுக்கு இலகு. மணலில் புதையாது, பள்ளத்தில் முழுகாது. இது எங்களுக்குச் சோறு போட்ட உண்மை. பின்பாரம் ஏறினால் மாட்டின் கழுத்துக் கயிறு இறுக்கும், ஆகவே வண்டி ஒரு இழை முன்பாரமாகவே இருக்க வேண்டும். இதுவும் உண்மை. இந்த இரண்டையும் சேர்த்து ஜீப்பின் தலையில் கட்டினேன். மாட்டுவண்டியில் மாடு இழுக்கிறது, சக்கரம் சும்மா கூடவே உருண்டு வருகிறது. ஜீப்பிலோ என்ஜின்தான் சக்கரத்தையே திருக வேண்டும். சக்கரம் பெருக்கப் பெருக்க அதற்குத்தான் பாடு. இந்த வித்தியாசம் எனக்கு உறைக்கவில்லை. ஜீப்பை நான் வைக்கோல் தின்னாத மாடு என்றே நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

அது யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட ஜீப். மூன்று கை மாறி என்னிடம் வந்தது. ஊர் ஊராகப் போய்க் கடலை வாங்குவதற்காக எடுத்தேன். ஸ்டியரிங் இடப்பக்கம். பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு நேர் கீழே. ஓட்டுகிறவன் பெட்ரோலின் மேலேயே உட்கார்ந்துகொண்டு ஓட்ட வேண்டும். விற்றவர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் ஆம்பிளையாகச் சிரித்து வைத்தேன். அன்று முதல் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தால் என் கண் இரண்டும் ரோட்டைக் கவனிக்கும்; உட்காருகிற இடம் மட்டும் டேங்க்கைக் கவனித்துக்கொண்டிருக்கும்.

அந்தப் பெரிய சக்கரங்கள் திருச்சியில் ஒரு பழைய சாமான் கடையில் கண்ணில் பட்டன. ஏதோ வேனிலிருந்து கழற்றியவை, ரிம்மும் டயருமாக. ரிம்மின் ஐந்து துளையும் ஜீப்புக்குப் பொருந்தின. டயர் என் டயரைவிடக் கையகலம் உயரம், தடிமனும் அதற்கேற்ப. இரண்டுதான் இருந்தன. பின்னால் மாட்ட இரண்டு போதாதா!

இலுப்பூரில் டயர் வேலை பார்க்கிறவர் ஒருத்தர் இருந்தார். பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் இருந்து வந்தவர். சக்கரங்களை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"மத்த ரெண்டு எங்கண்ணே?"

"ரெண்டுதான்."

"அப்ப வேணாம்ணே. நாலும் ஒரே ஒசரமா இருக்கணும். இல்லாட்டி முன்கியரப் போட்டீங்கன்னா முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் சண்டை வந்துரும்."

முன்கியர் என்பது, சேற்றில் மாட்டினால் முன்சக்கரங்களையும் என்ஜினோடு இணைத்துவிடுகிற தனி லிவர். ஜீப்புக்குப் பெருமையே அந்த லிவர்தான்.

"சண்டை வந்தா நான் பஞ்சாயத்துப் பண்ணிக்கிறேன். நீ மாட்டுப்பா."

"நான் தொட மாட்டேன். பாரம் ஏத்துனா பாடியில வேற ஒரசும்."

அவர் டீயோடு ஒதுங்கி உட்கார்ந்துவிட்டார். நானே ஸ்பேனரை எடுத்தேன். வலப்பக்கம் சுலபமாகக் கழன்றது. இடப்பக்கம் அசையவில்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்றேன், குதித்தேன். டீயை முழுக்கக் குடித்து முடித்த பிறகு அவர் வாயைத் திறந்தார்.

"அண்ணே, இந்த வண்டிக்கு இடப்பக்க மரை ஏறுக்குமாறு. இம்புட்டு நேரமா நீங்க கழட்டல. இறுக்குறீங்க."

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்கலாம். "தெரியும், சோதிச்சுப் பார்த்தேன்" என்றேன்.

மாட்டி முடித்துப் பார்த்தால் ஜீப் மூக்கைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. கடைத்தெருவே சிரித்தது. நான் அதை வரவேற்பு என்று எடுத்துக்கொண்டேன். சின்ன ஏற்றத்திலும் என்ஜின் திணறியது. புதுச் செருப்பு கடிப்பதில்லையா, பழகிவிடும் என்று அதற்குச் சமாதானம் சொன்னேன்.

அந்த ஐப்பசியில் மனைவியும் குழந்தையும் ஆவூருக்குப் பக்கத்தில் இருக்கிற என் மாமனார் ஊரில் இருந்தார்கள். நான் ஜீப்போடு போய்ச் சேர்ந்தேன். ஒரு வாரமாக மழை ஊற்றி அன்றைக்குத்தான் வெறித்திருந்தது. மாமனார் கொஞ்சம் நிலத்தை வைத்துக்கொண்டு உழுது பிழைக்கிறவர்; அதிர்ந்து பேசாதவர். என் மனைவியின் தங்கை, அதாவது என் கொழுந்தியாள், வாத்தியார் டிரெய்னிங் முடித்துவிட்டு இரண்டு வருஷமாக வேலைக்குக் காத்துக்கொண்டிருந்தாள். அவளைப் படிக்க வைக்க மாமனார் ஒரு ஜோடி உழவு மாட்டை விற்றவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

நான் போன அன்று சாயங்காலம், தபால்காரர் முழங்கால் வரை சேறோடு வந்து ஒரு கவரைக் கொடுத்தார். வேலை உத்தரவு. மழையில் எங்கேயோ தேங்கித் தாமதமாக வந்திருந்தது. மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் புதுக்கோட்டை ஆபீசில் நேரில் ஆஜராகிக் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் அந்த இடம் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போகும். கொழுந்தியாள் அதை மூன்று தரம் சத்தம் போட்டுப் படித்தாள்.

மாமனார் அமைதியாகத் திட்டம் போட்டார். "விடியக்காலம் வண்டியப் பூட்டிட்டா ஒம்பது மணிக்குக் கீரனூரு. பஸ்ஸு ஏறுனா பத்தரை, பதினொண்ணுக்குப் புதுக்கோட்டை. சரியா இருக்கும்."

எதற்கு வாயைத் திறந்தேன்? திறந்தேன்.

"என்னங்க மாமா, வாசல்ல ஜீப்பு நிக்கிறப்ப கட்டைவண்டியா? டீச்சரம்மா போயி எறங்குற எறக்கத்துல ஆபீசே எந்திரிச்சு நிக்க வேணாம்? சாப்புட்டுட்டு பதினோரு மணிக்குக் கெளம்புவோம். நேரா ஆபீஸ் வாசல்ல எறக்குறேன்."

மாமனார் ஒரு கணம் வானத்தைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை சொன்ன வார்த்தைக்கு மாமனார் மறுவார்த்தை சொல்வதில்லை. மாப்பிள்ளை சாப்பாட்டில் உப்பு கூடி விட்டது என்று சொன்னால், சரியாகத்தான் இருந்தாலும், அத்தை உள்ளே போய் வேறு குழம்பு வைப்பார்கள். "மாப்ளை சொன்னாச் சரிதாங்க" என்றார்.

கொழுந்தியாளுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. மச்சானைக் கேலி பண்ணுவது அவள் உரிமை.

"ஏன் மச்சான், ஒங்க ஜீப்பு தலையக் குனிஞ்சுக்கிட்டுப் பின்னால தூக்கிக்கிட்டு நிக்கிதே, முட்ட வருதா, கும்புட வருதா?"

"டீச்சரக் கண்டு மரியாதை பண்ணுது."

"மரியாதை பண்ணுனது போதும், போயிச் சேந்தாச் சரி."

மறுநாள் பதினோரு மணி பன்னிரண்டாயிற்று. மாப்பிள்ளைக்குக் கோழி அடித்திருந்தார்கள். கோழி வேக நேரமெடுத்தது. அவள் புதுக்கோட்டையிலேயே ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கப் போவதால் டிரங்குப் பெட்டி, படுக்கை, ஒரு மூட்டை அரிசி, எல்லாம் ஜீப்பின் பின்னால் ஏறின. அவற்றின் நடுவே மாமனார். முன்னால் என் வலப்பக்கத்தில் அவள், உத்தரவும் சர்ட்டிபிகேட்டும் இருந்த கவரை மடியில் வைத்துக்கொண்டு. போகிற வழியெல்லாம் நான் ஜீப்பை அவளுக்குப் பாடம் நடத்தினேன். இது கிளட்ச், இது முன்கியர், இதோ நடுவில் இழுக்கிறோமே இதுதான் கைப்பிரேக். டீச்சருக்கே டீச்சர்.

பாதி வழிக்கு மேல் போனதும் ஓடை குறுக்கிட்டது. முழங்காலளவு தண்ணீர், அடியில் களி. முன்கியரைப் போட்டேன். ஜீப் உறுமிக்கொண்டு இறங்கி, அக்கரையில் ஏறியது. "பாத்தியா!" என்றேன். "பரவாயில்ல மச்சான்" என்றாள். என் வாழ்நாளில் நான் உண்மையாகவே சம்பாதித்த பாராட்டு அது ஒன்றுதான். ஒரு பர்லாங்கு தூரம் தாங்கியது.

ஓடை தாண்டியதும் பாதை கண்மாய்க்கரை மேல் ஏறுகிறது. இறுகிய சரளை. முன்கியரை எடுத்துவிட லிவரை இழுத்தேன். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். ஈயம் வைத்துப் பற்றவைத்த மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. சின்ன முன்சக்கரமும் பெரிய பின்சக்கரமும் ஒரே கயிற்றில் கட்டிய நெட்டை மாடும் குட்டை மாடுமாக ஒன்றையொன்று இழுக்க, அடியில் டொங்கு டொங்கென்று சத்தம். ஜீப் துள்ளித் துள்ளிப் போயிற்று. ஒவ்வொரு துள்ளலுக்கும் பின்னால் பாரம் அமுங்கியது. அப்புறம் ஒரு நாற்றம், ரப்பர் கருகுகிற நாற்றம்.

"மாப்ளே, பொகை வருதுங்க" என்றார் மாமனார். தீ என்று சொல்லவில்லை. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கிற குரலில்தான் சொன்னார்.

என் கண்ணுக்குள் டேங்க் தெரிந்தது. சீட் கொதிப்பது போலிருந்தது. "மாதாவே, டேங்க்!" என்று அலறிக்கொண்டு ஓடுகிற ஜீப்பிலிருந்து வெளியே பாய்ந்தேன். ஓடுகிற என்றால், முதல் கியரில் ஆடு மேய்கிற வேகம். கரையிலிருந்து காட்டாமணக்குப் புதர் வழியாக உருண்டு, ஒரு செருப்பைத் தொலைத்து, வரப்பு தாண்டி, ஒரு பனைமரத்துக்குப் பின்னால் போய்க் குப்புறப் படுத்து, இரண்டு காதிலும் விரலைக் கொடுத்துக்கொண்டேன். பனைமரத்துக்குப் பின்னால் என் உடம்பில் எத்தனை பங்கு மறையும் என்று யோசிக்கவில்லை. ஜீப்பில் யார் இருக்கிறார்கள் என்றும் யோசிக்கவில்லை. வெடிக்கும் வெடிக்கும் என்று காத்திருந்தேன். வெடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில், ஏன் இன்னும் வெடிக்கவில்லை என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

தோளில் கை பட்டது. மாமனார். இன்னொரு கையில் என் செருப்பு. மாப்பிள்ளையின் செருப்பை மாமனார் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"மாப்ளே, கல்லு கெடைச்சுச்சுங்களா?"

எனக்குப் புரியவில்லை.

"சக்கரத்துக்கு அண்டக் குடுக்கக் கல்லு எடுக்கத்தானே எறங்குனீங்க. வண்டி நின்னுருச்சுங்க. பிள்ளை நிப்பாட்டிருச்சு. நீங்க பதறாம வாங்க."

அவர் முகத்தில் கேலியில்லை, கோபமில்லை. மகளோடு தன்னையும் கரைமேல் விட்டுவிட்டு ஓடியவன், அவர் வீட்டு மாப்பிள்ளை. அந்த மாப்பிள்ளை ஓடியதாக உலகத்தில் யாரும் சொல்லக்கூடாது. அந்த மாப்பிள்ளையே சொல்லக்கூடாது. எனக்கு அவர் ஒரு கௌரவமான காரணத்தைக் கொண்டுவந்து நீட்டினார், செருப்போடு சேர்த்து. நான் இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

"அதாங்க மாமா. இங்கிட்டு எல்லாம் பொடிக்கல்லாக் கெடக்கு. அதான் குனிஞ்சு தேடிக்கிட்டிருந்தேன்."

தேங்காயளவில் ஒரு கல்லைப் பொறுக்கிக்கொண்டு கரை ஏறினேன். ஜீப் தண்ணீர்ப் பக்கம் திரும்பி நின்றிருந்தது. முன்சக்கரத்துக்கும் கரையின் விளிம்புக்கும் நடுவே ஒரு சாண். நான் குதித்ததும் அவள் இடக்கையால் ஸ்டியரிங்கை வளைத்துப் பிடித்து, வலக்கையால் கைப்பிரேக்கை மார்போடு இழுத்திருக்கிறாள். என்ஜின் இருமி நின்றிருக்கிறது. நின்ற வண்டியின் சக்கரத்துக்கு அடியில் நான் மிகுந்த பொறுப்போடு கல்லை வைத்தேன். தள்ளி நின்று, சரியாக இருக்கிறதா என்றும் பார்த்தேன்.

அவள் கை இன்னும் கைப்பிரேக்கை விடவில்லை. வாய் என்னை விடவில்லை.

"மச்சான், கல்லு தேடுறவங்க காதப் பொத்திக்கிட்டா தேடுவாங்க?"

"ஏய்" என்றார் மாமனார். "மாப்ளைகிட்ட என்ன பேச்சு."

இதோடு முடிந்திருந்தால் இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான். பயந்தவன் ஓடுவான். இதற்கு மேல் நான் செய்ததைத்தான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை.

மணி ஒன்று. அவள் சொன்னாள்: "பொகை நின்னுருச்சு மச்சான். எடுங்க, போவோம்."

எடுத்திருக்கலாம். ஆனால் ஆபத்து ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொண்டால், நான் எதற்குப் பாய்ந்தேன்? கல் எடுக்கப் போனவன் என்கிற பெயர் நிற்க வேண்டுமானால், அந்த ஜீப் பெரிய ஆபத்தில் இருந்தாக வேண்டும். அதோடு, அந்தச் சீட்டில் மறுபடி உட்கார என் உடம்பு ஒப்பவில்லை.

"கிட்டப் போகாத! டேங்க்கு சூடேறிக் கெடக்கு. இப்பத் தொட்டா அம்புட்டுத்தான். ஆறணும்."

"எம்புட்டு நேரம்?"

"ரெண்டு மணி நேரம். மிலிட்டரி ரூலு."

"அப்ப நான் நடக்குறேன். கீரனூரு மூணு மைலுதானே. பஸ்ஸப் புடிச்சுருவேன்."

"வேணாம். ஆறட்டும், நேரா கொண்டுபோயி எறக்குறேன். நாலு மணிக்கு நீ கையெழுத்துப் போட்டுருவ."

அவள் அப்பாவைப் பார்த்தாள். மாமனார் சேற்றுப் பாதையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இரும்மா. மாப்ளை சொல்றாருல்ல."

உட்கார்ந்தாள். கவரை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். நான் ஜீப்பைச் சுற்றி, கிட்டே போகாமல், வைத்தியர் நோயாளியைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நடந்தேன். நடுவில் ஒருதரம் அவள் எழுந்து போய் டிரைவர் சீட்டில் உள்ளங்கையை வைத்தாள்.

"சில்லுன்னு இருக்கு மச்சான்."

"ஒனக்கு என்ன தெரியும்? இங்கிட்டு வா!" என்று கத்தினேன். மாமனார் முன்னாலேயே கத்தினேன். சீட் சில்லென்று இருந்தது எனக்கும் தெரியும். அவளுடைய வேலை உத்தரவைப் பற்றி நான் கவலைப்படாமல் இல்லை; கவலைப்பட்டுக்கொண்டேதான் அவளை உட்கார வைத்திருந்தேன்.

இரண்டரை மணிக்கு அவள் எழுந்தாள். சேலையைச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல் கீரனூர்ப் பக்கம் நடந்தாள். மாமனார் என் முகத்தைப் பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவள் பின்னால் போனார். அவர் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனது அந்த ஒருதரம்தான்.

மறுநாள் இலுப்பூரிலிருந்து டயர்காரரைக் கூட்டி வந்தேன். ஏறி உட்கார்ந்தார், ஸ்டார்ட் பண்ணினார், இரண்டு கஜம் பின்னால் எடுத்தார். சக்கரங்களின் இழுபறி தளர்ந்து, டக்கென்று முன்கியர் லிவர் தானாகவே விடுபட்டு விழுந்தது. பின்சக்கரத்துக்கு மேலே பாடியில், டயர் உரசிய இடம் ஒரு விரல் நீளத்துக்குப் பளபளவென்று இருந்தது. "அம்புட்டுத்தானாண்ணே?" என்றார். பெரிய சக்கரங்களை நானே கழற்றினேன். இந்தத் தடவை இடப்பக்கம் சரியாகத் திருகினேன்.

மாமனார் ஊராரிடம் வேறு விதமாகச் சொல்லியிருந்தார். மழையில் பாதை சரியில்லை, மாப்பிள்ளை உயிரைக் கொடுத்து வண்டியை நிறுத்தினார், நம்ம நேரம் சரியில்லை. அதைக் கேட்டு நான் தலைகுனிந்தேனா? இல்லை. அடுத்த கல்யாணத்தில் நானே சொல்ல ஆரம்பித்தேன். எனக்குச் சிரிக்க வைக்கத் தெரியும். அது ஒன்றுதான் தெரியும். ஜீப் துள்ளுவதை நடித்துக் காட்டுவேன், புகையை ஊதிக் காட்டுவேன். தேங்காயளவு கல் ஆட்டுக்கல் ஆயிற்று, பிறகு எல்லைக்கல் ஆயிற்று. திருவிழாவுக்குத் திருவிழா கூட்டம் கூடும். "அப்படித்தானுங்களே மாமா?" என்று கேட்பேன், அவர் "ஆமாங்க மாப்ளே" என்பார். அந்தப் பந்திகளில் என் இலைக்குக் கொழுந்தியாளே சோறு போட்டிருக்கிறாள். நாலு வருஷம் கழித்து, எங்கோ கடலோரத்தில் ஒரு ஓராசிரியர் பள்ளியில்தான் அவளுக்கு வேலை கிடைத்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை. என்னைக் கேலி பண்ணுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு என்னிடம் அவள் பேசியதெல்லாம் "வாங்க", "சாப்புடுங்க" என்கிற மரியாதைதான்.

போன மாசம் மாமனாரை அடக்கம் பண்ணினோம். கல்லறையிலிருந்து திரும்பி வந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, ஒரு சொந்தக்காரர், மனசு லேசாகட்டும் என்று, "அந்தக் கல்லு கதையச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். துக்க வீட்டில் சிரித்தார்கள். "அப்படித்தானே?" என்று பழக்கத்தில் திரும்பிவிட்டேன். மாமனார் எப்போதும் உட்காருகிற இடத்தில் கொழுந்தியாள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள்.

நான் கல் எடுக்கப் போகவில்லை. குதித்து ஓடினேன். ஜீப்பை நிறுத்தியது அவள். ஜீப்பில் தீ இல்லை, ஆபத்து இல்லை. இரண்டு கஜம் பின்னால் எடுத்திருந்தால் வண்டி போயிருக்கும். அவளை ஒன்றரை மணி நேரம் கரையில் உட்கார வைத்தது நான். அவர்கள் கீரனூர் போய்ச் சேர்வதற்குச் சற்று முன்னால் ஒரு பஸ் புறப்பட்டுப் போயிருந்தது. அடுத்த பஸ்ஸில் ஏறிப் புதுக்கோட்டை ஆபீஸ் வாசலுக்கு அவள் போனபோது மணி ஐந்தே முக்கால். கதவு பூட்டியிருந்தது. வேலை அடுத்த பெயருக்குப் போயிற்று.